ஆபரேஷனுக்குப் பிறகு குடம் தூக்கலாமா?

சிறுநீரகம் கொடுக்க வருகிறவரிடம் "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்பது நம் வேலையில் மிகச் சுலபமான பகுதி என்று நினைத்திருந்தேன். புதுக்கோட்டையில் ஒரு டயாலிசிஸ் பிரிவில் ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்தச் சுலபமான பகுதியில்தான் மோசமாகத் தவறினேன், அதுவும் ஒரே குடும்பத்தில் இரண்டு முறை. இந்த வருடம் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அதைச் சொல்வதால் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. கடைசியில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த நிம்மதியில்தான் சொல்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

உங்களில் பாதிப் பேர் சமூகவியல் படித்துவிட்டு வந்தவர்கள். குடும்பத்துக்குள் யாருக்கு எந்த வேலை, யாருக்கு எந்த உரிமை என்று பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருப்பீர்கள். நானும் எழுதினேன், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். என் மேசைக்கு வந்த தாள்களில், கொடுப்பவர் என்ற இடத்தில் மனைவி, அம்மா, அக்கா என்றும், வாங்குபவர் என்ற இடத்தில் கணவர், மகன், தம்பி என்றும் தொடர்ந்து வருவதைப் பார்த்தேன். கணக்கெடுத்து வைக்கவில்லை. ஆனால் கண்ணில் பட்டது. "பெண்களுக்குப் பாசம் அதிகம்" என்று எனக்கு நானே ஒரு விடை சொல்லிக்கொண்டு அடுத்த தாளை எடுத்தேன்.

செல்வராசு கீரமங்கலம் பக்கத்துக் கிராமத்துக்காரர். முப்பத்தாறு வயது. லோடு ஆட்டோவில் பூமூட்டை ஏற்றிக்கொண்டு ஓடியவர். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து வாரம் இரண்டு தடவை எங்களிடம் வந்துகொண்டிருந்தார். அவர் மனைவி பவளம் விடியலில் தோட்டங்களில் பூப்பறித்துவிட்டு, இரண்டு பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அவரைப் பஸ்ஸில் கூட்டி வருவாள். டயாலிசிஸ் நடக்கும் நான்கு மணி நேரமும் வராந்தாவில் உட்கார்ந்தபடியே தூங்குவாள்.

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்யலாம் என்று டாக்டர் சொன்னதும் குடும்பமே என் அறைக்கு வந்தது. செல்வராசு, பவளம், மாமனார், மாமியார், செல்வராசுவின் தம்பி முருகேசன். முதலில் கையைத் தூக்கியது மாமியார்தான். "எம் புள்ளைக்கு நான் தாரேன். என்னோடத எடுத்துக்கங்க" என்றார். அவருக்கு இரத்த அழுத்தம், எடுக்க முடியாது என்றதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். மாமனாருக்குச் சர்க்கரை. பொன்னமராவதியில் கட்டிக்கொடுத்த மகளை அவள் வீட்டில் விடமாட்டார்கள். இவ்வளவையும் மாமியாரே சொல்லிவிட்டு, "அப்ப நம்ம பவளந்தான்" என்றார்.

முருகேசன் கதவருகே நின்றுகொண்டிருந்தான். இருபத்தெட்டு வயது, திருச்சியில் ஒரு கம்பெனியில் வேலை. அவனைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

"உங்களுக்குச் சம்மதமாம்மா?" என்று பவளத்தைக் கேட்டேன். சுற்றிலும் நான்கு பேர்.

"குடுக்குறேன் மேடம்."

'முழு மனதுடன் சம்மதம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எல்லோரும் எழுந்து வெளியே போனார்கள். பவளம் மட்டும் வாசலில் திரும்பி நின்றாள்.

"மேடம், ஆபரேஷன் முடிஞ்சா கொடம் தூக்கலாமா?"

"மூணு மாசத்துக்குப் பாரம் எதுவும் தூக்கக் கூடாது. நல்லா ரெஸ்ட் எடுக்கணும்."

அவள் சிரித்தாள். "சரிங்க மேடம்" என்று போய்விட்டாள். நானும் பதிலுக்குச் சிரித்துவிட்டு ஃபைலை மூடினேன்.

எங்கள் பிரிவில் ஒரு மூத்த நர்ஸ் இருந்தார். அதிகம் பேசமாட்டார். வாசலில் நடந்ததைப் பார்த்திருந்தவர், ஊசியை எடுத்து வைத்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு சிரிச்சது சரியில்லையே, பாத்தீங்களா?" என்றார். நல்ல பெண், தெளிவாகச் சம்மதம் சொல்லிவிட்டாள் என்றேன். "எல்லாரையும் சுத்தி நிக்க வச்சு கேட்டா நான்கூடக் குடுத்துருவேன்" என்றார் அவர். அவ்வளவுதான், வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்த தடவை வந்தபோது, செல்வராசு இயந்திரத்தில் இருந்த நேரத்தில் பவளத்தைத் தனியாகக் கூப்பிட்டேன். இந்த முறை சம்மதமா என்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியாததால், "ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போறீங்க. மறுநாள் காலைல உங்க வீட்ல தண்ணி எடுக்கப்போறது யாரு?" என்றேன்.

 அவள் சேலையை லேசாக விலக்கி அடிவயிற்றுத் தழும்பைக் காட்டினாள். சின்னவள் பிறந்த பிறகு செய்த குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன்.

"எட்டாம் நாளு மாடு தண்ணிக்குக் கத்துது பாருன்னு அத்தை சொன்னாங்க. அவரு கட்டில்ல படுத்திருந்தாரு, லோடுக்குப் போயிட்டு வந்த அசதி. நாந்தான் தோட்டத்து போர் பைப்பு வரைக்கும் போயி கொடம் கொடமா எடுத்தேன். மூணாவது கொடத்துல தையல் பிரிஞ்சுருச்சு. ஒரு மாசம் சீழ் வச்சுக் கெடந்தேன் மேடம். அப்பவும் சோறு நாந்தான் ஆக்குனேன்."

"அதனால பயமா இருக்கா?"

"கத்தி வைக்கிறதுக்குப் பயமில்லங்க. அவருன்னா எனக்கும் உசுருதான். ஆனா அவருக்கு ஆபரேஷன் பண்ணா படுக்க வச்சுத் தாங்குவாங்க. எனக்கு யாரு தாங்குவா? நானும் விழுந்துட்டா எம் புள்ளைக ரெண்டும் என்ன பண்ணும்? என்னால குடுக்க முடியாது மேடம்."

பத்து மதிப்பெண்ணுக்கு நான் எழுதிய விடை முழுவதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பாசம் அவளுக்கு வேண்டிய அளவு இருந்தது. ஓய்வுதான் அந்த வீட்டில் ஒரு பக்கமாகவே பங்கிடப்பட்டிருந்தது.

இனி இரண்டாவது தவறுக்கு வருகிறேன். நான் டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "மனமில்லாதவர்களிடம் எடுக்க மாட்டோம். குடும்பத்திடம் 'பொருந்தவில்லை' என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டாம். அந்தப் பெண் மேல் பழி வராது." பல இடங்களிலும் இப்படிச் செய்கிறார்கள், நீங்களும் செய்ய வேண்டி வரும். டாக்டர் கொடுத்தது ஒரே ஒரு சொல்.

மாமியார் அந்த ஒரு சொல்லோடு விடவில்லை. "ஏன் பொருந்தல? ரத்தம் ஒண்ணுதான்னு சொன்னீங்களே? அவளுக்கு என்ன கொறச்சல்?" என்று மேசைமேல் சாய்ந்துகொண்டு கேட்டார். பின்னால் அடுத்த நோயாளியின் குடும்பம் காத்திருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்: "அவங்க கிட்னி அவ்வளவு பலமா இல்லம்மா."

சொன்னதும் ஒரு சிக்கலை அழகாக அவிழ்த்துவிட்ட திருப்தியோடு சாப்பிடப் போனேன்.

மூன்று வாரம் கழித்துப் பவளம் வந்தாள். டயாலிசிஸ் நாள் இல்லை, தனியாக வந்திருந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது.

"நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. ஆனா ஊருக்குள்ள எனக்கும் கிட்னி போயிருச்சுன்னு பேச்சாயிருச்சு. நோயை மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாங்கன்னு அத்தை எங்க அம்மா வீட்டுக்குப் போயி சண்டை போட்டுட்டு வந்திருக்காங்க. பூத்தோட்டத்துல, 'நீ வெயில்ல நிக்காத தாயி, விழுந்து கிழுந்து வச்சுராத'ன்னு வேலைக்குக் கூப்புடுறதில்ல. அதெல்லாம்கூடப் பரவாயில்ல மேடம். மூத்தவ நான் தூங்குறப்ப எம் மூக்குக்கிட்ட கைய வச்சுப் பாக்குறா. மூச்சு வருதான்னு."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை. நான் அவசரத்தில் சேர்த்த ஒரு வரி அந்தப் பிள்ளையின் கைவரைக்கும் போயிருந்தது.

"நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க" என்றேன்.

"உண்மைய சொல்லணும். கிட்னி நல்லாத்தான் இருக்கு, நாந்தான் மாட்டேன்னு சொன்னேன்னு சொல்லணும்."

எனக்குப் பயம் வந்தது. புருஷனுக்குக் கொடுக்கமாட்டேன் என்று சொன்ன பெண்ணை அந்த வீடு என்ன செய்யும்? அடிப்பார்களா, அனுப்பிவிடுவார்களா? ரகசியத்தைக் காக்கும் பொறுப்பு எனக்கு உண்டு. அது யாருக்காகக் காக்கப்படுகிறதோ அவளே வேண்டாம் என்கிறாள். டாக்டரைக் கேட்டேன். "ரகசியம் அவளுடையது. அவள் திறக்கலாம், நீங்கள் திறக்கக் கூடாது" என்றார். அதையே பவளத்திடம் சொன்னேன்.

"நானே சொல்லிக்கிறேன். நீங்க பக்கத்துல இருந்தாப் போதும்" என்றாள்.

அவளுக்கு ஆபத்து வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், எங்கே தங்கலாம் என்பதை எல்லாம் முன்பே பேசி வைத்தோம். அவள் அம்மா வீட்டுக்குத் தகவல் சொல்லிவைத்தோம். அந்த மூத்த நர்ஸை அறைக்குள் வந்து உட்காரச் சொன்னேன். பிறகுதான் குடும்பத்தைக் கூப்பிட்டேன். அன்று முருகேசனும் லீவு போட்டு வந்திருந்தான்.

பவளம் உட்காரவில்லை. செல்வராசுவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எனக்கு ஒரு நோயும் இல்லங்க. நாந்தான் குடுக்க மாட்டேன்னு மேடத்துகிட்ட சொன்னேன். குடும்பக் கட்டுப்பாடு பண்ணிட்டு வந்தப்ப எட்டு நாளுகூட என்னைய உக்கார விடல. இதுக்கு மூணு மாசம் உக்காரணுமாம். நம்ம வீட்ல அது நடக்காது. அதான் சொன்னேன்."

மாமியார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அடிப்பாவி! ஒரு கொடம் தண்ணிக்காகவா எம் புள்ளைய சாகவிடப் பாத்த? நாங்கல்லாம் பெத்த மூணாம் நாளு நாத்துப் பறிக்கப் போனவுக. எனக்கு யாரு ரெஸ்டு குடுத்தா? யாரு குடுத்தான்னு கேக்குறேன்!"

கத்திக்கொண்டே வந்தவர் அந்தக் கடைசி வார்த்தையில் நின்றுவிட்டார். அது கோபத்தில் கேட்ட கேள்வியாக ஆரம்பித்து, வேறெதுவாகவோ முடிந்தது. மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். நான் பேச வாயெடுத்தேன். நர்ஸ் என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார். நான் அன்று செய்த ஒரே நல்ல காரியம், பேசாமல் இருந்ததுதான்.

செல்வராசு அப்போதுதான் வாயைத் திறந்தார். டயாலிசிஸ் முடிந்த களைப்பில் குரல் தேய்ந்து வந்தது.

"அன்னைக்கு மாடு கத்துனது எனக்கும் கேட்டுச்சும்மா. நான் எந்திரிச்சிருக்கலாம்."

பவளம் பக்கம் கையைக் காட்டினார்.

"இவகிட்ட குடுக்குறியான்னு நான் கேக்கவே இல்ல. நீ சொன்ன, சரின்னு இருந்துட்டேன். கேட்டா மாட்டேன்னு சொல்லிருவாளோன்னுதான் கேக்கல. விடும்மா. அவ நல்லா இருந்தாத்தான் புள்ளைக நல்லா இருக்கும்."

பவளம் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அப்போது கதவருகே இருந்து முருகேசன் சொன்னான்: "என்னைய யாரும் கேக்கவே இல்லையே."

"நீ சும்மா இருடா" என்றார் மாமியார். "ஒனக்கு இன்னும் கல்யாணம் ஆகல."

"ஆகலதான். ஆனா எனக்கும் ரத்தம் அதேதான்மா."

இந்த இடத்தில் பாய்ந்து பிடித்துக்கொள்ளத் தோன்றும். இதோ ஆள் கிடைத்துவிட்டது என்று தாளை நீட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அறை முழுக்க ஆட்களை வைத்துக்கொண்டு ஒருவரைச் சம்மதம் சொல்ல வைத்த தவறை மறுபடியும் செய்ய நான் தயாராக இல்லை. அவனைத் தனியாக வரச் சொன்னேன்.

தனியாக வந்தபோது அவ்வளவு வீராப்பு இல்லை. "பயமாத்தான் இருக்கு மேடம். இத்தனை நாளும் யாரும் கேக்காதது எனக்குச் சவுரியமாத்தான் இருந்துச்சு. அண்ணி பேசுனதக் கேட்டதும் கூச்சமாப் போச்சு" என்றான். கூச்சத்துக்காகச் சிறுநீரகம் கொடுக்கக் கூடாது, பத்து நாள் யோசியுங்கள், வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை போதும் என்றேன். அந்தப் பத்து நாளும் நான் போனை எடுத்து எடுத்து வைத்தேன். கூப்பிடவில்லை. ஆவுடையார்கோவில் பக்கம் அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் விஷயம் தெரிந்து பின்வாங்கிவிட்டார்கள். மாமியார் ஒரு நாள் வந்து, "ஒரு புள்ளைக்காக இன்னொரு புள்ளைய கேக்குறீங்களே" என்று கேட்டுவிட்டுப் போனார். நியாயமான கேள்விதான். 

பதினோராவது நாள் முருகேசன் வந்தான். "குடுக்குறேன். நல்லா யோசிச்சுட்டேன்." டாக்டரிடம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டுக் குடைந்திருந்தான். அதுவே எனக்கு நம்பிக்கை தந்தது. பவளத்திடம் கேட்ட அதே கேள்வியை அவனிடமும் கேட்டேன். "மறுநாள் உங்களை யாரு பாத்துக்குவாங்க?"

"அண்ணி இருக்காங்கல்ல" என்றான், இமைக்காமல்.

அந்தப் பதிலுக்கு அவனுக்கு அரை வினாடிகூடத் தேவைப்படவில்லை. நல்ல பிள்ளைதான், துணிச்சலான பிள்ளை. ஆனாலும் அது அவனுக்கு மூச்சு விடுவது போல வந்தது. இதைக் கவனியுங்கள். ஒரே வீடு, ஒரே ஆபரேஷன். பவளத்தைத் தூங்கவிடாத கேள்வி அவனுக்குக் கேள்வியாகவே படவில்லை.

மறுபடி எல்லோரையும் கூப்பிட்டு, அவன் சொன்ன பதிலைச் சொன்னேன். பவளம் சிரித்துக்கொண்டே, "ரெண்டு ஆம்பளையும் படுத்துட்டா, எந்திரிக்கப்போறது யாரு?" என்றாள்.

இதுவரை எந்தக் கூட்டத்திலும் ஒரு வார்த்தை பேசாத மாமனார் தொண்டையைச் செருமினார். "தண்ணியும் மாடும் நான் பாத்துக்கிறேன்."

"ஒங்களுக்குக் கொடம் எடுக்கத் தெரியுமா?" என்றார் மாமியார்.

"பழகிக்கிறேன்."

நான் வாக்குறுதியை வாங்கிக் கோப்பில் வைக்கவில்லை. உறுப்பு தானத்துக்கான அனுமதிகள் எல்லாம் வர இன்னும் சில மாதங்கள் ஆகும், அதற்காகக் காத்திருக்காமல் நாளை காலையிலிருந்தே ஆரம்பியுங்கள் என்றேன். ஒவ்வொரு டயாலிசிஸ் நாளும் பவளத்திடம் விசாரித்தேன். முதல் வாரம் பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்தியதாம். டீக்கடையில் கேலி செய்தார்களாம். இரண்டாவது வாரம் அவர் வீட்டு மொபெட்டில் இரண்டு பக்கமும் கேனைக் கட்டிக்கொண்டு போனாராம். "இத்தனை வருசமா அந்த வண்டி அங்கிட்டுதான் நின்னுச்சு மேடம். கொடம் எங்க இடுப்புல இருந்தவரைக்கும் யாருக்கும் தோணல" என்றாள் பவளம். நாங்கள் இருவரும் வராந்தாவில் நின்று வாய்விட்டுச் சிரித்தோம்.

மூத்த பெண்ணை ஒரு சனிக்கிழமை அழைத்து வரச் சொல்லி, அவள் அம்மாவின் பரிசோதனைத் தாளை டாக்டரே காட்டி விளக்கினார். அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்ப அம்மா தூங்குறப்ப நான் தூங்கலாமா?" தூங்கலாம் என்றார்.

ஆபரேஷன் திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தது. அந்த நாளில் எனக்கு வேலையே ஓடவில்லை. முருகேசன் நல்லபடியாக வெளியே வந்துவிட்டான் என்று மதியம் தகவல் வந்தது. செல்வராசுவைப் பற்றி ஒன்றும் வரவில்லை. பொருத்திய சிறுநீரகம் வேலை செய்கிறதா என்பது தெரியவேண்டும். ஒரு வருடத்துக்கும் மேலாக அந்த மனிதருக்குச் சிறுநீர் வரவே இல்லை.

சாயங்காலம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போன் அடித்தது. பவளம். எடுத்ததும் கத்தினாள்.

"மேடம்! வந்துருச்சு மேடம்! பை நெறைய ஒண்ணுக்கு வந்துருச்சாம்! டாக்டரு சொன்னாரு!"

பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். நான் அங்கேயே பூக்கடைக்காரம்மாவின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.  அப்படியொரு நிம்மதியை என் வேலையில் அதற்கு முன்னும் பின்னும் நான் அறியவில்லை.

"எல்லாரும் எப்படி இருக்காங்க? அத்தை?"

"சாமி கும்புடப் போயிருக்காங்க. எங்கிட்ட இன்னும் சரியாப் பேசுறதில்ல. பேசுவாங்க."

"நீங்க? நீங்க என்ன பண்ணிட்டு இருக்கீங்க?"

 கத்தல் போய், குரலில் ஒரு ஆச்சரியம் இருந்தது.

"நானா? சும்மா உக்காந்துருக்கேன் மேடம். மாமா டீ வாங்கிட்டு வந்து குடுத்தாரு. குடிச்சிக்கிட்டு இருக்கேன்."